வாட்ச்மாத்தி தந்த வாட்ச்

சுங்கத்துறையில் முப்பத்து நாலு வருடம் இருந்தேன். யாரிடமும் ஓர் எலுமிச்சம்பழம்கூட வாங்கியதில்லை. அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வாங்கினால் எந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அதனால் போன வருடம், மாதா கோவிலில் கொடி ஏறிய மறுநாள், ஒரு பழைய தண்டல் என் வாசலில் நின்று சோப்பு டப்பா ஒன்றை நீட்டியபோது என் கை தானாகப் பின்னால் போனது.

தண்டல் என்றால் தோணியை நடத்திப் போகிறவர். இவர் கொழும்புக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப் போனவர். இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

"பிடிங்க சார். இப்பந்தான் நீங்க ஆபீசர் இல்லலா."

"என்ன இது?"

"வாட்ச். உங்களுக்குத்தான். ஆனா இது என்ன வாட்ச்சுன்னு நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

என் கையில் திணித்துவிட்டு அவர் போன பிறகும் நான் டப்பாவோடு நின்றேன். மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒரு மனுசன் ஆசையா குடுத்துட்டுப் போறாரு. இதுக்கும் ஃபாரம் தேடுதீயளோ?"

தேடத்தான் செய்தேன். நாற்பது வருடத்துக்கு முன் இதே தண்டலின் மணிக்கட்டிலிருந்து ஒரு கடிகாரத்தைக் கழற்றி வாங்கியவன் நான். தோணிக்காரர்கள் புறப்படும்போது கட்டியிருக்கும் கடிகாரத்தின் எண்ணைப் பட்டியலில் எழுதுவோம். திரும்பும்போது அதே எண் இருக்க வேண்டும். பழையதைக் கொழும்பில் விட்டுவிட்டுப் புதியதைக் கட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக. இவருடைய எண் ஒத்துப்போகவில்லை. "மாதா மேல சத்தியமா இது அதே வாட்ச்தான் சார்" என்றார். பட்டியலில் சத்தியத்துக்குக் கட்டம் கிடையாது. மாற்றிவிட்டார் என்று எழுதினேன். கடிகாரம் மூன்று மாதம் அலுவலக அலமாரியில் கிடந்து, பிறகுதான் அவர் கைக்குத் திரும்பியது. தோணி முதலாளி வேறு தண்டலை வைத்துக்கொண்டார். கரையில் இவருக்கு 'வாட்ச்மாத்தி' என்று பெயர் விழுந்தது. ஊரில் இன்றும் அதைச் சொன்னால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

மூன்று நாள் மத்தியானம் அந்தக் கடிகாரத்தோடு கழிந்தது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஜன்னலை அசைத்துக்கொண்டே இருந்தது. முகப்பில் கம்பெனியின் பெயர் இருந்த இடத்தை உப்புக்காற்று தின்றுவிட்டிருந்தது. எண்களின் மேல் ஒருகாலத்தில் பச்சையாக ஒளிர்ந்த பொட்டுகள் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தன. சாவி கொடுத்துக் காதருகே வைத்துப் படுத்தேன். கண் செருகியபோது அந்தச் சத்தம் தூரத்தில் போகும் ஒரு படகாயிற்று. பாய் விரித்த தோணிகள், கரைக்கும் வானுக்கும் நடுவில், எதிலும் ஒட்டாமல் நின்றன. எல்லாவற்றிலும் ஏறிச் சோதனை போட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எந்தத் தோணியும் நெருங்கி வரவில்லை. விழித்தபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. கடிகாரம் ஒன்றேகால் மணி நேரம்தான் என்றது.

மூன்றாம் நாள் முறைப்படி ஆரம்பித்தேன். பின்மூடியில் எண் தேய்ந்திருந்தது. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். ஆறு இலக்கம் எழுந்து வந்தது. பிறகு கத்தி முனையால் மூடியைத் திறந்தேன். சுவிஸ் எந்திரம், பதினேழு கல், கையால் சாவி கொடுப்பது. எந்திரத்தின் ஓரத்தில் வேறோர் எண். அதில் வியப்பில்லை. உறையைச் செய்கிறவர் ஓர் எண் போடுவார், எந்திரத்தைச் செய்கிறவர் ஓர் எண் போடுவார். இரண்டையும் குறித்துக்கொண்டு, கடிகாரத்தைத் திரும்ப வைக்க டப்பாவிலிருந்த பஞ்சை எடுத்தேன். அடியில் நாலாக மடித்த ஒரு கார்பன் நகல் இருந்தது.

என் கையெழுத்து. தடுத்து வைத்த பொருளுக்கான ரசீது. புறப்பாட்டு எண், வருகை எண் என்று இரண்டு எண்கள். முதலாவது பின்மூடியில் இருந்தது. இரண்டாவது எந்திரத்தில் இருந்தது.

புறப்படும் அன்று பணியிலிருந்த மூத்தவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து வெளியே இருந்ததை எழுதியிருக்கிறார். திரும்பிய அன்று, பயிற்சி முடித்த சூட்டோடு வந்திருந்த நான், மூடியைத் திறந்து உள்ளே இருந்ததை எழுதியிருக்கிறேன். நானும் அவரைப் போலச் சோம்பேறியாக வெளியே மட்டும் பார்த்திருந்தால் ஒரு மனிதன் தோணியை இழந்திருக்க மாட்டான்.

மறுநாள் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்து டீக்கடையில் அவரைப் பிடித்தேன். கச்சான் மாதங்களில் கடலுக்குப் போகாத தோணிக்காரர்கள் பெஞ்சு நிறைய இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"இங்கனயே சொல்லுங்க சார்."

"அதே வாட்ச்தான்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்லா."

"அப்போ சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டு இருந்தீய."

ரசீதின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'இரண்டு எண்களும் ஒரே கடிகாரத்தினுடையவை. மாற்றப்படவில்லை. தவறு சோதித்த அலுவலருடையது.' தேதி போட்டுக் கையெழுத்திட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாது பாருங்க. சத்தமா வாசிங்க."

நன்றாகவே தெரியும். மாதா கோவிலில் வருடம் தவறாமல் பைபிள் வாசகம் படிக்கிறவர். நான் எழுந்து நின்று வாசித்தேன். டீ ஆற்றுகிற சத்தம் நின்றது.

"ஏலே வாட்ச்மாத்தி, அப்ப நீ மாத்தவே இல்லயா? இத்தன வருசமா ஒன்ன பெரிய ஆளுன்னுல்லா நெனச்சோம்" என்றார் மூலையிலிருந்து ஒரு கிழவர்.

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. தண்டலும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சீல் இல்லயே சார். செல்லுமா?"

"செல்லாது" என்றேன்.

"பரவால்ல" என்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, பொத்தானையும் போட்டுக்கொண்டார்.