பாட்டு முடியும்வரை

துணிக்கடைப் பில் ஒன்றின் பின்பக்கத்தில் அவர் எழுதிக்கொண்டிருந்தார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பாலர் பாடசாலை வாசலில், பில்லைச் சுவரோடு அழுத்திப் பிடித்தபடி, நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் குறித்தார். முதலில் கடவுள் வணக்கம், பிறகு படம் கீறுதல், சாப்பாடு, மணல் விளையாட்டு, கடைசியில் ரயில் பாட்டு. வகுப்புத் தொடங்க ஒரு மாதம் இருந்தது. என்ன சீருடை, என்ன சப்பாத்து என்று கேட்கும் பெற்றோரைத்தான் அதுவரை கண்டிருந்தேன். எதற்குப் பிறகு எது வரும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தார். மகளுக்கு மூன்றரை வயது. தாய் வீட்டு வேலைக்குக் குவைத் போய் ஐந்து மாதம். நாங்கள் பேசி முடியும்வரை அந்தப் பிள்ளை தகப்பனின் காற்சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. எனக்கு அது புதிதல்ல. எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்: "விளையாட்டுச் சாமானைக் காட்டுங்கோ. அவ அதைப் பாக்கேக்க மெல்ல நழுவிப் போயிடுங்கோ."

அவர் பேனையை மூடினார். "அவவின்ட அம்மாவும் அப்பிடித்தான் போனவ, மிஸ். விடியப்புறம், பிள்ளை நித்திரை. எழும்பினா அழுவாள், எழுப்பவேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான். எழும்பினவள் அலுமாரியைத் திறந்து தேடினவள். இப்பவும் தேடுறாள்."

ஆனாலும் என் அனுபவத்தில் எனக்கிருந்த நம்பிக்கை அன்று அசையவில்லை.

அந்த ஒரு மாதமும் அவர் மகளுக்குப் பழக்கியது எழுத்தையோ நிறங்களையோ அல்ல. பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவிடம் பிள்ளையை இருத்தி, "அப்பா பாண் வாங்கிக்கொண்டு வாறன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். பேக்கரிப் பாணோடு வருவார். அடுத்த கிழமை முடிவெட்டப் போய், வெட்டிய தலையோடு வந்து காட்டினார். பிறகு அரை நாள் வேலைக்குப் போய் வந்தார். மணிக்கூடு தெரியாத பிள்ளைக்கு, எது முடிந்தால் அப்பா வருவார் என்பதே நேரம்.

முதல் நாள் வாசலில் முழங்காலூன்றி இருந்து சொன்னார்: "அப்பா இப்ப போறன். சாப்பிடுவீங்கள், மணலில விளையாடுவீங்கள், ரயில் பாட்டுப் பாடுவீங்கள். பாட்டு முடிய அப்பா வாசலில நிப்பன்." சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை வீறிட்டாள். அவளைப் பார்த்து வகுப்பே அழுதது. மத்தியானம் அவரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். தலைகுனிந்து கேட்டார். மறுநாளும் அதையே செய்தார். நாலாம் நாள் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னிடம் வந்தாள். "மிஸ், சாப்பாட்டுக்குப் பிறகு மணல்தானே?" "ஓம்," என்றேன். கணக்குச் சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போய்த் தன் இடத்தில் இருந்தாள்.

ரயில் பாட்டு நானே கட்டியது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு வகுப்பைச் சுற்றுவார்கள். கோட்டையில் புறப்படும் ரயில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று நின்று, தெகிவளையில் முடியும்.

இரண்டாம் கிழமை ஒருநாள் விடியக் காலையிலிருந்தே மழை. புறக்கோட்டைப் பக்கம் வெள்ளம், வாகனங்கள் நகரவில்லை என்றார்கள். மற்றப் பிள்ளைகளைக் குடையோடு வந்து கூட்டிப்போய்விட்டார்கள். ரயில் வெள்ளவத்தைக்கு வந்தபோது வகுப்பில் நாங்கள் இருவர்தான். அவள் முன்னால், நான் அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால். அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. வாசல் வெறுமையாக இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள், நடை மெதுவானது.

தெகிவளை வந்தது. நான் நிறுத்தவில்லை. கல்கிசை என்று பாடினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இரத்மலானை, மொறட்டுவை, பாணந்துறை. பெயர் தெரிந்த ஊர்களெல்லாம் வந்தன. தெரியாத இடத்தில் ரயிலைக் கூவவிட்டேன். அவர் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு உடைந்துவிடக் கூடாது என்ற பதற்றம் அப்போது என்னுடையதாகிவிட்டிருந்தது.

பாட்டில் காலி நகரையும் தாண்டிவிட்டோம். அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி, தலையிலிருந்து நீர் ஒழுக, அவர் படியேறி வந்தார். புறக்கோட்டையிலிருந்து நடந்தும் ஓடியும் வந்திருந்தார். என்னைப் பார்க்காமல் மகளின் முன்னால் குந்தி இருந்தார். "அப்பா பிந்திட்டன் குஞ்சு."

"இல்லை," என்றாள் அவள். "பாட்டு இன்னும் முடியேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையை ஒதுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அவளுக்கு இப்போது பத்து வயதிருக்கும். தாய் விடுமுறையில் வந்து மறுபடி போனபோது, பட்டப்பகலில் விமான நிலையத்துக்கு அவளையும் கூட்டிப்போனதாக ஒருநாள் சந்தையில் கண்டபோது அவர் சொன்னார். வழியெல்லாம் அழுதாளாம். வீட்டுக்கு வந்து எதையும் தேடவில்லையாம்.

நழுவிப் போங்கள் என்று நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள் என்கிறேன். அதனால் ஒவ்வொரு ஆண்டும் முதல் கிழமை எங்கள் பாடசாலையில் அழுகை முன்பைவிடக் கூடுதல். பக்கத்துக் கடைக்காரர் வந்து முறையிடுவார். நானும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொள்வேன்.