கிணற்றுக்குப் போகாத நாட்கள்

கருங்கல் ஊர்ச் சந்தைக்கு என்னைப்போல் தலைச்சுமடு கொண்டுபோன பெண் அந்த வட்டாரத்தில் கிடையாது. சும்மா சொல்லவில்லை. இரண்டு ஆண்கள் பிடித்துத் தூக்கிவிடும் மரச்சீனிக் கிழங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே நடப்பேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம்தான். இன்று எனக்குக் கொப்பரைக் களமும் கடைகளும் இருக்கின்றன என்றால், யாரும் தூக்கிக் கொடுத்தவை அல்ல. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதைக் கேட்டுவிட்டு நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவீர்கள்.

மூத்த பையன் பிறந்தபோது எனக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டாவது பெண். அவளுக்குக் கழுத்து நின்ற சமயத்தில் எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று. உறக்கம் போயிற்று. காரணமில்லாமல் கண்ணீர் வந்தது. ஒருநாள் காலையில் அவளைக் குளிப்பாட்ட இடுப்பில் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். உள்ளே எட்டிப் பார்த்ததும் பிள்ளை என் கையிலிருந்து நழுவி விழுவதுபோல் ஓர் எண்ணம். நழுவவில்லை, இறுக்கித்தான் பிடித்திருந்தேன். பிறகு, நானே போட்டுவிடுவேனோ என்று அதைவிட மோசமான எண்ணம் வந்தது. தோண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவந்தேன். அதற்குப் பிறகு கிணற்றுக்குப் போகவில்லை. பால் கொடுக்கும் நேரம் தவிரப் பிள்ளையைத் தொடவும் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. பச்சைப் பிள்ளையைப் பற்றிக் கெட்டது வாயில் வந்தால் பலித்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. உபதேசியார் வந்து ஜெபித்தார். வைத்தியர் கஷாயம் தந்தார். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். சொல்லாத நோயை அவர்கள் எப்படித் தீர்ப்பார்கள்?

மாமியார் ஒரு முடிவுக்கு வந்தாள். "ஒனக்கு ஏலாதுன்னா பிள்ளைய அருமனைக்குக் குடுத்திருவோம். அவளுக்கும் பிள்ள இல்ல."

அருமனையில் என் கணவரின் அக்காளைக் கட்டிக்கொடுத்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. நான் தலையாட்டினேன். என் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்றுதான் ஆட்டினேன்.

அந்த வாரம் கருவாட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். கடற்கரைக்காரி, எங்களோடு சந்தைக்கு நடப்பவள், வாய் பெரிது.

"ஏட்டி, சுமடு எடுக்காம கழுத்து இத்துப் போச்சா?"

"ஏலலக்கா."

"ஏலாட்டி அரப் பெட்டி எடு. ஒன் பவுசெல்லாம் நாங்க கண்டதுதானே. எழும்பு."

பவுசைச் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

சந்தை வழியில் ஏற்றம் முடிகிற இடத்தில் ஒரு சுமைதாங்கி உண்டு. தலை உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருக்கும். பிறர் கை பிடிக்காமலே சுமட்டை இறக்கலாம், ஏற்றலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன ஒருத்திக்காக நட்டது. அந்தக் கல்லடியில் பேசுவதை அவளே வாங்கி வைத்துக்கொள்வாள், அது வீட்டுக்கு வராது, பலிக்கவும் செய்யாது என்பது சுமட்டுக்காரிகளாகிய எங்களுக்குள் ஒரு வழக்கம். அதனால் மாமியார்களின் தலை அங்கேதான் அதிகம் உருண்டது.

அன்று நாங்கள் மூன்று பேர். மூன்றாமவள் சட்டிபானை விற்கிறவள்.

சும்மாட்டை உதறிக்கொண்டே கருவாட்டுக்காரி கேட்டாள்: "பிள்ளைய எதுக்குட்டி குடுக்க?"

நான் பெட்டியைக் கல்மேல் நேராக்கி வைத்தேன்.

"அப்போ நான் சொல்லுதேன். மூத்தவன் பொறந்தப்போ எனக்குக் கடல். அல வந்து கையிலருந்து பறிச்சிட்டுப் போற மாதிரியே கெடக்கும். பெறவு, நானே எறிஞ்சிருவேனோன்னு. கடல்கரையில பொறந்தவ கரைக்கே போகல்ல. வீட்டுக்காரர்ட்ட மணல் சுடுதுன்னு சொன்னேன்."

"மழக்காலத்துலயுமா?" என்றாள் சட்டிபானைக்காரி.

"ஆமா மக்கா, மழயிலயும் சுட்டுது."

சட்டிபானைக்காரி சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "எனக்கு அம்மிக் குழவி" என்றாள். "பிள்ள தலையில போட்டிருவேனோன்னு பயந்து தொழுவத்துல ஒளிச்சு வச்சேன். களவு போயிட்டுன்னு எங்க மாமி ஊரெல்லாம் கேட்டா. வீட்டுல தொவையலே கெடையாது."

"எனக்குக் கிணறு" என்றேன். சொல்லிவிட்டு ஆகாயத்தைப் பார்த்தேன். ஒன்றும் இடிந்து விழவில்லை.

"போட்டியா?"

"இல்ல."

"நானும் எறியல்ல, இவளும் போடல்ல. போடுறவளா இருந்தா இப்பிடிப் பயந்து சாவாளா?"

"அந்தப் பயம் எப்பம் போச்சு ஒங்களுக்கு?"

"ஒரேயடியாப் போகல்ல" என்றாள் கருவாட்டுக்காரி. "எங்க சித்தி எங்கூடக் கரைக்கு வந்து நிப்பா. ஒண்ணும் பேசமாட்டா. அது போதும்."

மறுநாள் முதல் சந்தைக்குப் போகும் முன் இருவரும் எங்கள் கிணற்றடிக்கு வந்தார்கள். மாமியாரிடம் தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொன்னார்கள். முதலில் கருவாட்டுக்காரி பிள்ளையைக் குளிப்பாட்டினாள், நான் தோண்டியில் தண்ணீர் மட்டும் கோரினேன். பாதித் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே திரும்பிப் போயிற்று. அடுத்த நாள் நான் உட்கார்ந்து காலை நீட்ட, சட்டிபானைக்காரி பிள்ளையை என் காலில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். பயம் வந்தது. வந்தபோது "வருது" என்று சொன்னேன். "வரட்டும், தலையத் தேய்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தபோது நான் கிணற்றடியில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கருவாட்டுக்காரி. நாத்தனார் கையில் சின்னச் சட்டை ஒன்று புதிதாக இருந்தது.

"மைனி, பிள்ளையத் தரல்ல."

"ஏலாதுன்னு சொன்னியே?" என்றாள் மாமியார்.

"ஏலும்."

நாத்தனார் சட்டையைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள். "அவளுக்குத் தச்சதுதான். போடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் மனக்குறையை நான் அறிவேன். பின்னாளில் பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் மகளை அருமனைக்கு அனுப்பினேன்.

பயம் அதன்பிறகும் வந்து வந்து போயிற்று. வந்த வாரமெல்லாம் கல்லடியில் சொன்னேன். என் மகள்தான் இன்று கொப்பரைக் களத்தைப் பார்த்துக்கொள்கிறாள். எடை போடுவதில் என்னைவிடக் கறார்.

அவள் கல்யாணப் பந்தலில் கருவாட்டுக்காரி எல்லாரிடமும், அன்று கிணற்றடியில் என் முந்தானையைத் தான் விடாமல் பிடித்திருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. என்னை ஒருத்தி பிடிப்பதா? ஆனால் அந்தச் சேலையை எத்தனை தரம் துவைத்தும் முந்தானையில் கருவாட்டு வாடை போகவில்லை என்பது உண்மை.