கரித்துணியில் நின்ற துளி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பேச்சு என் பொறுப்பு. செய்கை அவள் பொறுப்பு. கரமனை அக்ரகாரத்திலிருந்து பல்கலைக்கழக மேடைகள் வரை தோல்வி அறியாத நாவோடு வந்தவள் நான். என் ஒரே தோழியான அவள், பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வந்தவள். எங்கள் ஆய்வுத் திட்டம் இன்னும் ஓராண்டு நீளாவிட்டால் எனக்கு அது ஒரு தோல்வி, அவ்வளவே; அவளுக்கோ, தோட்டத்துக்குத் திரும்பி அம்மாவோடு கொழுந்து பறிக்கவேண்டிய நிலை.

கரியமில வாயுவை மின்சாரத்தால் ஃபார்மிக் அமிலமாக மாற்றுவது எங்கள் வேலை. ரப்பர்ப் பாலை உறையவைக்க இந்த ஊரில் ஊற்றுகிறார்களே, அதே அமிலம். கரியிழையால் நெய்து வெள்ளீயத் தூள் பூசிய கரித்துணிதான் மின்முனை. அதன் ஒரு முகத்தில் உப்புநீர் நிற்கும். மறுமுகத்திலிருந்து வாயு நுண்துளைகள் வழியே வந்து அந்த நீரைச் சந்திக்கவேண்டும். துணி நீரை அடியோடு விலக்கினால் வினை நிகழாது. அளவுமீறி ஏற்றுக்கொண்டாலோ, துளைகளில் நீர் நிறைந்து வாயுவின் வழி அடைபடும். பிறகு ஹைட்ரஜன் மட்டுமே குமிழியிடும். ஆகவே அவள் நீர் ஒட்டாத டெஃப்லான் கரைசல் பூசி, உலையில் சுட்டு, ஒவ்வொரு துண்டிலும் ஒரு துளி நீர் விட்டுப் பார்ப்பாள். துளி உள்ளே இறங்காமல் முத்தாக நின்றால் அன்று முழுவதும் அவள் வாயில் பாட்டுதான்.

திட்டத்தை நீட்டிப்பதா என்று முடிவுசெய்யும் மதிப்பீட்டுக் குழு வந்த நாளில் நான் பேசினேன். பேச்சின் முடிவில் புதிய துண்டொன்றில் துளி விட்டேன். அது உருண்டு நின்றது. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். அவை நம் பக்கம் திரும்பும் கணம் எனக்குத் தெரியும். இது அந்தக் கணம்.

அப்போதுதான் அவள் எழுந்தாள். முந்தைய நாள் மின்கலத்தில் வைத்து ஓட்டிய துண்டை எடுத்துவந்து, அருகில் வைத்து, அதிலும் ஒரு துளி விட்டாள். துளி பரந்தது, தாழ்ந்தது, துணிக்குள் மறைந்தது.

"எத்தனை நேரம் தாங்கும்?" என்றார் தலைவர்.

"ரெண்டு மணிக்கூறு சார். அப்புறம் நனைஞ்சிரும். ஏன்னு இன்னும் தெரியல. அதுக்குத்தான் ஒரு வருஷம் கேக்கிறோம்."

என் பேச்சு முழுவதிலும் அத்தனை நேரான வேண்டுகோள் இல்லை. அவர்கள் அதைக் குறையாக மட்டுமே கொண்டார்கள். திட்டம் அத்துடன் முடித்துவைக்கப்பட்டது.

தம்பானூர் பேருந்து நிலையத்தில் அவளை வழியனுப்பிய அன்று நல்ல மழை. பொன்முடிப் பேருந்தின் சன்னலோரம் அவள் அமர்ந்திருந்தாள். நான் கீழே குடையோடு நின்றேன்.

"எதுக்குடீ பழசைக் காட்டினே? ஒன்னை யாராவது கேட்டாளா?"

"கேக்கல. கேட்டிருந்தா ஒன் வாய் சும்மா இருக்குமா? அவங்களையும் நம்ப வச்சு, என்னையும் நம்ப வச்சிருப்ப."

"ஜெயிச்சிருப்போம்."

"நீ ஜெயிச்சிருப்ப. துணி நனைஞ்சுதானே இருக்கும், அல்லே?"

அவள் சன்னல் கம்பிகளுக்கிடையே விரல்களை நீட்டிக் காட்டினாள். நகக்கண்களில் கரித்தூள் படிந்திருந்தது.

"பாத்தியா? கொழுந்துக் கறையும் இதே கறுப்புதான். லயத்துல ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது, கேட்டியா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த விரல்களைப் பற்றிக்கொள்ள நான் குடையைக் கை மாற்றுவதற்குள், மழை உள்ளே அடிக்கிறதென்று நடத்துநர் சத்தமிட்டார். அவள் ஷட்டரை இறக்கினாள்.