மார்கரெட்டின் வெள்ளிச் சிமிழ்

முதலில் சாம்பிராணி மணந்தது. பிறகு அதற்குள் இன்னொரு மணம்... முடி கருகும் மணம்.

கிளேட்டனில் அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்த யூனிட். மகளுக்கு நாற்பது நாள். ஊரிலிருந்து யாருக்கும் விசா கிடைக்கவில்லை, பிள்ளை வளர்ப்பெல்லாம் போனில் கேட்டுக் கேட்டுத்தான். வெள்ளிக்கிழமை முழுகவார்த்துவிட்டு, தலை காய அவளைப் புகையில் பிடித்திருந்தேன்.

வீட்டில் தூபக்கால் கிடையாது. பக்கத்து வீட்டு மார்கரெட் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது ஒரு பெட்டி நிறைய இங்கிலாந்து வெள்ளிச் சாமான் தந்திருந்தார். கரண்டிகள், தேத்தண்ணி ஊற்றுகிற போச்சி, அலங்கார மேசையில் வைக்கிற குட்டிப் பாத்திரங்கள். அதில் ஓர் உருண்டைச் சிமிழ். மூடியின் நடுவில் விரல் நுழைகிற அளவு ஓட்டை.

"வெள்ளைக்காரர் எங்கயப்பா சாம்பிராணி போட்டவை?" என்றார் என் கணவர்.

"அப்ப ஓட்டை என்னத்துக்கு? காத்து வாங்கவோ?"

அடியில் பழைய பட்டுத்துணி ஒன்று ஒட்டியிருந்தது. பிய்க்க மனம் வரவில்லை. அதன்மேல் அலுமினியத் தாளை விரித்துத் தணலைப் போட்டேன். ஓட்டை வழியே புகை அழகாக எழும்பியது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த நாற்றம். பதறிப்போய்ப் பிள்ளையின் தலையைத் தடவினேன். ஒரு முடிகூடக் கருகவில்லை. அவள் அழவுமில்லை... என் தோளுக்குப் பின்னால், யாருமில்லாத சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிமிழைக் கவிழ்த்தோம். துணிக்குக் கீழே பொசுங்கிய முடிக் கற்றை. கறுப்பு. மிக மெல்லியது.

"ஆரும் செய்வினை செய்தவையோ தெரியாது. வீட்டில வச்சிருக்காதையும்," என்று கணவர் முடியையும் துணியையும் குப்பையில் கொட்டினார். மறுநாள் லொறி அள்ளிக்கொண்டு போய்விட்டது.

ஒரு கிழமை கழித்து மார்கரெட் போன் எடுத்தார். மற்றதெல்லாம் உனக்குத்தான், அந்தச் சிமிழை மட்டும் கொண்டுவந்து தருவாயா என்று கேட்டார். தலைவாரும்போது உதிரும் முடியைப் போட்டு வைக்கிற சிமிழாம் அது. பெட்டியை அடுக்கிய தங்கை மகனுக்குத் தெரியாதாம். மார்கரெட்டின் ஒரே மகள் பிறந்து ஆறு கிழமையில் செத்துப்போனாளாம். துணிக்குக் கீழே இருப்பது அவளுடைய முடி. அவளில் மிஞ்சியது அது ஒன்றுதானாம்.

கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

என் பிள்ளையின் முடியைக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு நேர்ந்து வைத்திருந்தோம். அவள் நித்திரையில் இருக்கும்போது, கணவருக்கும் சொல்லாமல், பிடரியில் ஒரு கற்றை வெட்டினேன். சிமிழைத் திருநீறு போட்டுத் தேய்த்தேன். என் கூறைச்சேலையில் ஒரு துண்டு கிழித்து அடியில் வைத்தேன்.

முதியோர் இல்லத்தில் மார்கரெட் மூடியைத் திறந்தார். துணியை விலக்கி, விரலால் தொட்டு, செத்துப்போன பிள்ளையின் பெயரைச் சொல்லி மெல்லக் கூப்பிட்டார்.

என் மடியிலிருந்த மகள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

அந்தக் குளிர்காலத்திலேயே மார்கரெட் இறந்துபோனார். சிமிழையும் அவருடன் வைத்துப் புதைத்ததாகச் சொன்னார்கள்.

இப்போது சொந்த வீடு, மூன்று தூபக்கால். மகளுக்குப் பதினாறு. தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டவெல்லாம் அவள் விடுவதில்லை, ஹெயார் டிரையர்தான். குளியலறை முழுக்க முடியை உதிர்த்துவிட்டுப் போகிறாள். நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறேன்.

"அம்மா, யூ ஆர் ஸோ வியர்ட்!"

பயம்தான், வேறென்ன. என் பிள்ளையில் கொஞ்சம் ஏற்கெனவே இன்னொரு தாயுடன் மண்ணுக்குள் இருக்கிறது... மிச்சத்தையாவது நான் காப்பாற்ற வேண்டாமா?