வலது சக்கரத்துப் பொட்டு

நானும் உங்கள் அம்மாவும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தால் ஒன்றாகப் போய் ஒன்றாக வரலாமே என்று பெரியவள் ஒருமுறை கேட்டாள். அப்போது ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இப்போது நீங்கள் இரண்டு பேரும் படித்துப் புரிந்துகொள்கிற வயசு, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிற புருஷன் பெண்டாட்டியில் பல பேர் ஒரே கம்பெனிக்குப் போக மாட்டார்கள். அங்கே ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கு ஒருத்தராவது மிஞ்ச வேண்டும். இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பெரியவள் பிறந்து மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பியபோது, அம்மா தானாகவே வேறு கம்பெனியில் சேர்ந்துகொண்டாள். நான் காரணம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்த ஏற்பாடு ஒரே ஒரு சாயங்காலம் தவறிப்போனது.

அப்போது நான் கம்பெனி ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். பழைய ஜீப். சாதாரண ரோட்டில் பின் சக்கரம் இரண்டும் தள்ளும், முன் சக்கரம் சும்மா கூட உருளும். சகதி என்றால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும். அதற்கு டிரைவர் இறங்கி, முன் சக்கரங்களின் நடுவில் இருக்கிற உருண்டைத் திருகைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. பூட்டு விழுந்தால் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். பிறகு உள்ளே ஏறி, கியருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கம்பியைப் போட வேண்டும். மழைக்காலம் தவிர அந்தத் திருகை யாரும் தொடுவதே இல்லை.

ஆயுத பூஜை முடிந்து, தீபாவளிக்கு லோடு போய்க்கொண்டிருந்த சமயம். மதியத்துக்கு மேல் வானம் இருட்டி இடி இடிக்க ஆரம்பித்தது. இடி கேட்டால், மின்னல் விழுந்து மருந்து பற்றிக்கொள்ளும் என்று, பட்டாசுக் கம்பெனியில் போட்டது போட்டபடி எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். எங்கள் ஆட்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். முதலாளி ஆபீஸ் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"ஏப்பா, மச்சான் கம்பெனி வேன் சகதியில மாட்டிக்கிடுச்சாம். பொம்பளையாளுக அம்புட்டுப் பேரும் அங்கனயே நிக்காகளாம். நம்ம ஜீப்புதான் அந்தப் பாதையில போவும். எடுத்துட்டுப் போ."

அவர் மச்சான் கம்பெனியில்தான் அம்மா வேலை பார்த்தாள். நான் ஜீப் பக்கம் திரும்பாமல் நின்றேன்.

"என்னப்பா யோசனை?"

"இல்ல முதலாளி, எங்க வீட்டுலயும் அங்கதான் வேலைக்குப் போகுது."

"அப்ப இன்னும் வெரசால்ல போணும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். போகாமல் இருக்க முடியாது. போனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்போம். சின்னவனுக்கு அப்போது மூன்று வயசு. திருத்தங்கலில் பக்கத்து வீட்டு அத்தையிடம் உங்கள் இரண்டு பேரையும் விட்டிருந்தோம்.

தார் ரோடு முடிந்து கரிசல் பாதை தொடங்குகிற இடத்தில் ஜீப்பை நிறுத்தி இறங்கினேன். இடது சக்கரத்தைப் பூட்டினேன், டக்கென்றது. வலது பக்கம் போனால் திருகு முழுக்கச் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜையன்று முதலாளியம்மா தன் கையாலேயே தாராளமாக அப்பியிருந்தார்கள். காய்ந்து ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. பூட்டு எந்தப் பக்கம் என்று காட்டுகிற கோடு அதற்கடியில். சீசன் முடிகிற வரைக்கும் அந்தப் பொட்டை யாரும் கையால் அழிக்க மாட்டோம், அபசகுனம். அது தானாக உதிர வேண்டும். அதனால் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துப் பதமாகத் திருப்பினேன். அசைந்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து இடி விழுந்ததில் சத்தம் கேட்கவில்லை. பூட்டியாச்சு என்று ஏறிவிட்டேன்.

வழியில் அவர்கள் வேன் சகதியில் புதைந்து காலியாக நின்றது. அதைத் தாண்டிப் பாதைக்குக் குறுக்கே ஓடுகிற ஓடையில், போகும்போது கணுக்கால் தண்ணீர்தான். வெறும் வண்டி, ஒரே வேகத்தில் தாண்டிவிட்டது.

கம்பெனி கேட்டுக்கு வெளியே, வெட்டவெளியில் பெண்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். பின்னால் களத்தில் காயப்போட்ட வெடிமருந்துச் சரக்கு, அள்ளி முடிக்காமல் தார்ப்பாய் போட்டு மூடியபடி கிடந்தது. என்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் மாறியது.

"நீங்க எதுக்கு வந்தீக?"

"ஜீப்பை வேற யாரு ஓட்டுவா?"

அவள் களத்தைத் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் இங்கன நிக்கோம்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

கூட வேலை பார்க்கிற ஒரு மூத்த அக்கா அதற்குள் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "புருஷன் காரு கொண்டாந்திருக்காரு, மகாராணிக்கு ஏற மனசில்ல. ஏறு ஆத்தா, முன் சீட்டு ஒனக்குத்தான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்காமல் ஏறினாள்.

திரும்பி வரும்போது ஓடை வேறு ஓடையாக இருந்தது. நுரையும் கருவேல முள்ளுமாகத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். இறங்குகிற சரிவிலேயே ஜீப் உட்கார்ந்துவிட்டது. சின்னக் கம்பியைப் போட்டேன், முதல் கியரில் மெதுவாக விட்டேன். பின் சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்ததே தவிர வண்டி நகரவில்லை. கிளட்ச் கருகுகிற வாடை வந்தது. எல்லாரையும் இறக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கியது.

நடந்து தாண்டலாம் என்றால் இழுப்பு. திரும்பிப் போகலாம் என்றால் அங்கே களம் இருக்கிறது. ஒதுங்க ஒரு சுவர் கிடையாது. மின்னல் வெட்டும்போதெல்லாம் எல்லாரும் ஒரே மாதிரி தலையைத் திருப்பி, கொஞ்ச தூரத்தில் தெரிந்த அந்தத் தார்ப்பாயைப் பார்த்தார்கள்.

அம்மா ஜீப்புக்கு முன்னால் போய்க் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, முன் சக்கரம் சுத்தவே இல்லயே."

"நாலும் போட்டுத்தான் இருக்கேன்."

"போட்டீக சரி. சுத்தலயே."

இறங்கினேன். அப்போதுதான் உறைத்தது. முன் அச்சுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் என்று ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. இன்ஜின் கொடுக்கிற பலத்தை இரண்டு பக்கத்துக்கும் அனுப்புவது அதுதான். ஆனால் எந்தப் பக்கம் லேசாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே சுற்றவிடும். பந்தியில் கை நீட்டுகிறவன் இலையிலேயே எல்லாக் குழம்பையும் ஊற்றிவிட்டுப் போகிற ஆள் மாதிரி. ஒரு பக்கம் பூட்டி ஒரு பக்கம் பூட்டாமல் விட்டால், பூட்டாத பக்கம் உள்ளே இருக்கிற அச்சுத்தண்டு மட்டும் வெறுமனே சுற்றும். பூட்டிய சக்கரமும் நின்றுவிடும். இரண்டும் பூட்டினால்தான் பூட்டு.

வலது திருகைப் பிடித்தேன். பாதியில் நின்றது. காய்ந்த சந்தனம் இடுக்கில் இறங்கி அடைத்திருந்தது. எனக்குக் கை வரவில்லை. இப்படி ஒரு நேரத்தில் அந்தப் பொட்டை அழிக்கவா என்று நின்றுவிட்டேன்.

"தள்ளுங்க" என்று அம்மா உட்கார்ந்தாள். பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள், உரசித் தீப்பொறி வரும் என்று, தலையில் ஒரு கொண்டை ஊசி கூட வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் நகத்தாலேயே சுரண்டினாள். மருந்துப் பொடி ஏறி அவள் விரலெல்லாம் வெள்ளியாக இருந்தது.

"ஏத்தா, என்ன செய்யுதே? ஆயுத பூசைப் பொட்டைப் போயி அழிக்கியே" என்று மூத்த அக்கா பதறினாள்.

"அழிக்கலக்கா. நகட்டி வைக்கேன்."

சொன்னபடியே சுரண்டிய சந்தனத்தைக் குழைத்து, சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் ஒரு தீற்று தீற்றினாள். முந்தானையால் திருகைத் துடைத்தாள். கோடு தெரிந்தது. துண்டைச் சுற்றிப் பிடித்துப் பலமாகத் திருப்பினேன். டக்.

ஏறி மெதுவாக கிளட்சை விட்டேன். முன்பக்கம் யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி ஜீப் குழியை விட்டு எழுந்து ஓடை மணலில் நின்றது. பெண்கள் விழுந்தடித்து ஏறினார்கள். தண்ணீர் ஜீப் தரையை நனைக்க நனைக்க அக்கரை ஏறிவிட்டோம். தார் ரோடு வருகிற வரைக்கும் அம்மா ஒரு கையால் முன்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்திருந்தாள், இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

ஒவ்வொருவராக இறக்கிவிட்டு வீட்டு வாசலில் நிறுத்தினோம். நீங்கள் இரண்டு பேரும் அத்தை வீட்டிலிருந்து ஓடி வந்தீர்கள். சின்னவன் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அம்மாவும் அப்பாவும் ஒரே வண்டில வந்துட்டாக" என்று குதித்தான். நாளைக்கும் இப்படியே வரச் சொல்லி அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவள் அவன் தலையை முகர்ந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் மழை இல்லை. நான் ஜீப்பில் போகும்போது அம்மா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். பாதி வழி வரைக்கும் எனக்கும் அதே ரோடுதான். பக்கத்தில் நிறுத்தினேன். அவள் குனிந்து மட்கார்டைப் பார்த்தாள். சந்தனத் தீற்று மழையில் பாதி கரைந்தும் அங்கேயே இருந்தது.

"ஏறிக்கோ" என்றேன்.

"பஸ் வந்துரும்" என்றாள். "நீங்க முன்னால போங்க."