இடைவெளியில் நின்ற மரங்கள்

காற்று திரும்பும் நாள்களில், பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலையில் பழம் அவியும் வாடை எங்கள் வகுப்பறைக்குள் வந்துவிடும். புளிப்பும் எண்ணெயும் கலந்த வாடை. ஜன்னலைச் சாத்தினால் வேர்க்கும், திறந்தால் மணக்கும். பிள்ளைகள் கண்டுகொள்ளவே மாட்டார்கள். நானும்தான்... தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த மூக்கு.

ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டப் பள்ளி. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தற்காலிக ஆசிரியை. இரண்டாம் ஆண்டு வகுப்புக்குக் கணிதம் எடுக்கச் சொன்னார்கள்.

அன்றைக்குப் பாடம், தோரணி. வட்டம், முக்கோணம், வட்டம்... அடுத்து என்ன? அதெல்லாம் சுலபமாகப் போட்டுவிட்டார்கள். கடைசிக் கேள்வியில்தான் வம்பு. ஒரு பெட்டிக்குள் மேலே ஒரு வரிசை மரங்கள், கீழே வெற்றிடம். 'இதே தோரணியில் அடுத்த வரிசைகளை வரைக.'

பள்ளி வேனில் தாமான் வரிசை வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் மரத்துக்கு நேர் கீழே மரம் வைத்தார்கள். தோட்டத்து லயத்திலிருந்து நடந்து வரும் தனுஷா அப்படி வைக்கவில்லை. இரண்டாவது வரிசையை மேல்வரிசையின் இடைவெளிகளில் வைத்தாள். மூன்றாவதை மறுபடி ஓரத்திலிருந்து தொடங்கினாள். நான்காவது, திரும்ப இடைவெளியில்.

பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்தான். "டீச்சர், இவ மரம்லாம் குடிச்சிட்டு நிக்குது டீச்சர்!"

வகுப்பே சிரித்தது. தனுஷா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"குடிக்கலடா. நீ வச்ச மரந்தான் பெருசானா ஒன்னோட ஒன்னு மட்டைய இடிச்சிக்கும்."

நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். திடலுக்கு அப்பால் செம்பனை. ஒவ்வொரு மரமும் முன்வரிசையின் இடைவெளியில்தான் நின்றது. நட்டவர்கள் அப்படித்தான் நடுவார்கள், ஓலை விரிய இடம் வேண்டுமே. சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது நேராகப் பார்த்தாலும் சாய்வாகப் பார்த்தாலும் மரங்களுக்கு நடுவே கோடுகள் திறந்து திறந்து மூடும். இது எனக்கு எப்படி மறந்துபோனது?

கணிதத்துக்குப் பொறுப்பான மூத்த ஆசிரியருக்கு மறக்கவெல்லாம் இல்லை. அவர் வெளியே பார்த்ததேயில்லை. பெயர் வேண்டாம், சார் என்றே சொல்கிறேன். ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையில், நான் திருத்தக் கொண்டுவந்த கட்டைப் புரட்டி, தனுஷாவின் தாளை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"ஏம்மா, இந்தப் புள்ளைய அடுத்த வாரத்துலேர்ந்து குறைநீக்கலுக்கு அனுப்பிடுங்க. வாசிப்பும் மெதுவு, இப்ப தோரணியும் தெரியல. ஒரு மரத்த நேரா வைக்கத் தெரியல லா."

குறைநீக்கல் வகுப்புக்குப் போகிற பிள்ளையை மற்றப் பிள்ளைகள் என்னவென்று கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயர் ஆறாம் ஆண்டுவரை கூடவே வரும். உண்மையிலேயே தேவைப்படுகிற பிள்ளை போகட்டும். சரியாகப் பார்த்ததற்காக ஒரு பிள்ளையை அங்கே அனுப்புவதா?

"தெரியாம வைக்கல சார். வெளிய பாருங்க, தோட்டத்துல எந்த மரம் நேர் கீழ நிக்குது?"

"தோட்டம் வேற, கணக்கு வேற."

"வேற இல்ல சார்."

"வந்து ஆறு மாசம் ஆகல. எனக்கே பாடமா?"

"அவள கூப்பிடுறேன் சார். பத்தாவது வரிசை எங்க வரும்னு கேளுங்க. வரையாம சொல்லட்டும்."

பாதி தின்ற கறிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள் தனுஷா. சார் கேட்டார். அவள் ஒரு கணம்தான் யோசித்தாள்.

"இடையில சார்."

"எப்படித் தெரியும்?"

"ரெண்டாவது இடையில, நாலாவது இடையில, ஆறாவதும்... பத்தும் அப்படித்தானே சார்?"

"அப்ப அம்பத்தொன்னாவது?"

"ஓரத்துலேர்ந்து." அவள் வாசலைப் பார்த்தாள். "நான் போலாமா சார்? ரீசெஸ் முடியப்போது."

அவள் ஓடிய பிறகு சார் தாளை என் பக்கம் தள்ளினார்.

"பரீட்சையில இப்படிப் போட்டா மார்க் கிடையாது. தெரியும்ல?"

"பரீட்சையில எப்படிப் போடணும்னு நான் சொல்லித் தரேன் சார். ஆனா இது தப்புன்னு மட்டும் அவகிட்ட சொல்ல மாட்டேன்."

"அப்புறம் அவ கோட்டைவிட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

தனுஷா என் வகுப்பிலேயே இருந்தாள். ஆண்டிறுதியில் அதே மாதிரிக் கேள்வி வந்தது. எழுதி முடித்து வெளியே வந்தவள் என் காதருகில் சொன்னாள். "கேட்ட மாதிரியே நேரா வச்சிட்டேன் டீச்சர். பாவம் அந்த மரம்லாம்."

இதை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. இன்று ஏன் எழுதுகிறேன் என்றால்...

இப்போது நீலாயில் ஒரு பள்ளியில் கற்பிக்கிறேன். புதுக் கட்டடம், குளிர்சாதனம், ஆலை வாடை கிடையாது. அந்தத் தோட்டத்தில் சாலையோரப் பகுதியை வெட்டி வீடுகள் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு நேர் பின்னால் வீடு. என் வகுப்புப் பிள்ளைகள் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். அவர்கள் மரத்துக்கு நேர் கீழே மரம் வைப்பதில் தவறே இல்லை.

ஆனால் கேள்வி இன்னும் அதேதான். விடைக்குறிப்பில் இன்னும் ஒரே விடைதான். நான் ஒவ்வோர் ஆண்டும் "வேற எப்படி வைக்கலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். யாரும் சொல்லாவிட்டால் பலகையில் நானே வரைகிறேன். நேரம் வீணாகிறது என்று மற்ற ஆசிரியர்கள் சொல்லிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை.

போன வாரம் முன்வரிசையில் ஒருத்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"டீச்சர், உங்க மரம் கோணலா நிக்குது லா!"

"கோணல் இல்லடா. நேரா வச்சா மட்டை இடிச்சிக்கும்."

"மட்டைன்னா என்ன டீச்சர்?"

செம்பனை ஓலையையும் அதன் தண்டையும் இவன் கிட்டப் பார்த்ததே இல்லை.

பலகையை முழுதாக அழித்தேன். அன்றைய கணிதப் பாடம் மட்டையிலிருந்து தொடங்கியது. பாடத்திட்டம் காத்திருக்கட்டும்.