அத்தான் கிளறிய ஜப்சே

என் அக்கா மியோங்நிம்மின் கணவர் போங் சாங்சொல், கொரிய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று இக்சான் ஸ்டேஷனில் அவருக்குப் பெயர். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பார்வை அக்கா கொண்டுவந்து வைக்கும் தட்டுகள் மேல் விழுந்தது.

அறுவடைத் திருநாள் என்றால் அக்கா ஜப்சே கிளறுவாள். சர்க்கரைவள்ளி மாவு நூடுல்ஸ், கீரை, கேரட், காளான், மாட்டிறைச்சி. அத்தான் குச்சியால் ஓர் இழையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார்.

"எங்கம்மா கிளறினா நூடுல்ஸ் கண்ணாடியா மின்னும். இது என்னடான்னா மழைக்கு நனைஞ்ச கயிறு."

சொல்லிவிட்டு இரண்டு தட்டு சாப்பிடுவார்.

போன வருடம் அக்காவுக்குத் தோளில் ஆபரேஷன். வலது கையைத் தூக்கவே கூடாது. திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "இந்த ஒரு தடவை கடையில வாங்கிக்கலாமே" என்றேன். அத்தான் துள்ளினார்.

"அண்ணன் குடும்பத்தோட வர்றாரு. கடை ஜப்சேவ வெச்சா என் மானம் என்னத்துக்கு ஆகும்?"

"மானம் உங்களுதுதானே, நீங்களே கிளறுங்க" என்றாள் அக்கா.

"இதென்ன பெரிய வித்தையா? எல்லாத்தையும் போட்டுப் பெரட்டினா ஜப்சே!"

அப்படியே செய்தும் பார்த்தார். கீரை தண்ணீர் விட்டது. கேரட் வேகவில்லை. நூடுல்ஸ் ஊதி ஒட்டிக்கொண்டு, வாணலியின் வடிவத்திலேயே எழுந்து வந்தது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் தட்டில் போட வேண்டியிருந்தது.

"மாவு சரியில்ல" என்றார்.

"அக்கா பண்ணினா கை சரியில்ல, நீங்க பண்ணினா மாவு சரியில்லையா அத்தான்?"

"கொழுந்தியாளுக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்றபடி, கொட்டினால் அக்கா பார்த்துவிடுவாளே என்று முழுவதையும் தானே தின்று தீர்த்தார்.

மறுநாள் மனிதர் இறங்கி வந்தார். அக்கா கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டாள். காய் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வதக்கணும். கீரையைக் கொதிநீரில் முக்கிப் பிழியணும். நூடுல்ஸைச் சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்து வாணலியில் பிரட்டணும். நல்லெண்ணெய் கடைசியில்தான்.

"தனித்தனியாவா? இதுக்கே பொழுது போயிடுமே!"

"போகும்" என்றாள் அக்கா.

திருநாளன்று அவர் கிளறியது உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. கேரட் துண்டுகள் டிக்கெட் மாதிரி ஒரே அளவு. சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, தன் அண்ணன் சாங்மானின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அண்ணன் நிதானமாக மென்றார். "பரவாயில்ல. ஆனா அம்மா கைப்பக்குவம் வரலையே, தம்பி."

அத்தான் குச்சியைப் பட்டென்று வைத்தார்.

"அம்மா எங்கண்ணே ஜப்சே பண்ணினாங்க? நம்ம அடுப்புல பார்லிச் சோறு வெந்ததே பெரிசு. கல்யாண வீட்டுல பாத்திரம் கழுவப் போன எடத்துல குடுத்தத துணியில முடிஞ்சு கொண்டு வந்தாங்க. அதைத்தான தின்னோம்!"

அண்ணன் தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாக, "அதான் அந்த ருசி போல. துணி எண்ணெயெல்லாம் குடிச்சிருக்கும்" என்றார்.

அக்கா இடது கையில் ஸ்பூனுடன் அத்தானைப் பார்த்தாள். "அப்ப இத்தனை காலமா நான் யாரோட போட்டி போட்டேன்? பேர் தெரியாத கல்யாணச் சமையக்காரனோடயா?"

அத்தானின் காது சிவந்தது. இருந்ததில் பெரிய இறைச்சித் துண்டாகப் பொறுக்கி அவள் கிண்ணத்தில் வைத்தார். அவள் அதைச் சாப்பிட்டாள். இன்னொன்று வைத்தார். அதையும் சாப்பிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. என் கைக்கு இந்தப் பக்குவம் வராது. இனிமே நீங்களே பண்ணிடுங்க."

பாராட்டு என்று நினைத்து அத்தான் தலையாட்டிவிட்டார். பேத்தியின் முதல் பிறந்தநாள், என் மகன் கல்யாணப் பேச்சு என்று அதன்பின் வந்த விசேஷங்களுக்கெல்லாம் அவர்தான் வாணலி முன் நிற்கிறார். அக்காவின் தோள் வசந்த காலத்திலேயே சரியாகிவிட்டது. போன வாரம் பூங்காவில் அவள் பாட்மின்டன் ஆடுவதைப் பார்த்தேன். பந்து மரத்துக்கு மேலே பறந்தது.

"தோள் வலிக்கலையாக்கா?"

"கிளறினாத்தான்டி வலிக்குது" என்றாள்.